வலது காலுக்கு வேலை இல்லை

வலது காலை எங்கே வைப்பது என்றுதான் டாக்டர் உலகம்மாளுக்குத் தெரியவில்லை. கைகளுக்கு எல்லாம் தெரியும். கைகள் உறை மாட்டிக்கொண்டன, ஜெபராணியின் இடது தோளுக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டன, தோலைக் கீறின, ரத்தத்தை ஒற்றி எடுத்தன, இப்போது உள்ளே ரத்தக்குழாயைத் தேடிக்கொண்டிருக்கின்றன. கால்தான் அழைக்காத வீட்டுக்கு வந்துவிட்ட விருந்தாளி மாதிரி நிற்கிறது, உட்காரவும் முடியாமல் போகவும் முடியாமல். எப்போதும் அது நிற்கிற இடத்தில் ஒரு பெடல் இருக்கும். மிதித்தால் மேஜைக்கு அடியில் இருக்கிற எக்ஸ்ரே குழாய் விழித்துக்கொள்ளும், திரையில் எலும்பும் கம்பியும் கறுப்பு வெள்ளையாக ஓடும். காலை எடுத்தால் அணைந்துபோகும். இத்தனை வருஷத்தில் கை கம்பியைத் தள்ளும்போதெல்லாம் கால் தானாக மிதித்துவிடும். அதை யாரும் கேட்டதில்லை, அவளே கேட்டதில்லை. இன்றைக்குப் பெடல் அங்கே இல்லை. வந்ததும் முதல் வேலையாக, "சுடலை, அதைத் தூக்கிட்டுப் போயி உன் காலடியில வச்சுக்க" என்று டெக்னீஷியன் சுடலைமுத்துவிடம் சொல்லிவிட்டாள். "நான் வாயத் திறந்து படம்னு கேட்டாத்தான் மிதிக்கணும். வேற என்ன கத்துனாலும் மிதிக்காத." சுடலை தலையைச் சொறிந்தான். "உங்க கால்ல இருந்தாத்தான மேடம் உங்களுக்கு வசதி?" வசதிதான். அந்த வசதிதான் பயமே. கை அசைந்தால் கால் மிதிக்கும், மிதித்தால் கதிர் வரும், வருகிற கதிர் நீலத் துணிக்கு அடியில் படுத்திருக்கிற ஜெபராணியை மட்டும் பார்த்துவிட்டுப் போகாது, அவள் வயிற்றில் ஆறு மாசமாக இருக்கிறதையும் எட்டிப் பார்க்கும்.

ஜெபராணியின் இதயத்தில் மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மேலே ஒரு தாளம், கீழே தன் பாட்டுக்கு நின்று நின்று ஒரு தாளம். பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை விழுந்தாள், குளியலறையில் ஒரு தடவை விழுந்தாள், அடுத்த தடவை பிரசவ வலியில் விழுந்தால் யார் தூக்கி நிறுத்துவது? பேஸ்மேக்கர் வைத்தே ஆக வேண்டும். தோளுக்கு அடியில் ஒரு பை மாதிரி செய்து அந்தக் கருவியை உள்ளே வைப்பது பெரிய காரியமில்லை. அதிலிருந்து போகிற கம்பி ரத்தக்குழாய் வழியாக இறங்கி, இதயத்துக்குள் நுழைந்து, சுவரில் திருகாணி மாதிரி திருகி நிற்க வேண்டும், அதுதான் காரியம். போகிற வழி கண்ணுக்குத் தெரிய வேண்டாமா? எக்ஸ்ரே போட்டால் பளிச்சென்று தெரியும். அது வேண்டாம் என்றுதான் எக்கோ. மேஜைக்கு அந்தப் பக்கம் சின்ன டாக்டர் நூருன்னிசா ஒரு கையால் ஜெபராணியின் நெஞ்சில் எக்கோ கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு நிற்கிறாள். எக்கோவில் கதிர் கிடையாது, சத்தத்தின் அலைதான். பிள்ளைக்கு ஸ்கேன் பார்ப்பதும் அதிலேதானே. ஆனால் எக்கோ ஒரு துண்டைத்தான் வெட்டிக் காட்டும். முருங்கைக்காயைக் குறுக்கே வெட்டி ஒரு துண்டை மட்டும் கையில் கொடுத்து இது நுனியா நடுவா என்று கேட்டால் யார் சொல்வார்கள்? நடுவை நுனி என்று நினைத்துத் தள்ளிவிட்டால் நுனி சுவரைப் பொத்துக்கொண்டு அந்தப் பக்கம் போயிருக்கும். நினைக்காதே, அதை இப்போது நினைக்காதே, குழாய் கிடைத்துவிட்டது, ரத்தம் கறுப்பாக வருகிறது, சரியான குழாய்தான், கம்பியை எடு. கை கம்பியை எடுத்தது. கெண்டைக்கால் இறுகியது.

"மேடம்," என்றான் சுடலை, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வெறுந்தரைய மிதிக்கிய." குனிந்து பார்த்தாள். ஆமாம், செருப்பு நுனி தரையை அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது. வீட்டுக்காரர் கார் ஓட்டும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிப்பாளே, அதே கால். "உன் காலு ஓட்டையப் போட்டு ரோடு தெரியப் போகுது பாரு" என்பார் அவர், நாங்குநேரி தாண்டுவதற்குள் நாலு தடவை சொல்லிவிடுவார். பெடலைத் தள்ளி வைத்தது நல்லதாகப் போயிற்று. இங்கேயே இருந்திருந்தால் இதற்குள் எத்தனை மிதி ஆகியிருக்கும். காலை எடுத்துப் பின்னால் வைத்தாள், அது தானாக முன்னால் வந்தது. இடது காலுக்குப் பின்னால் பின்னி நிறுத்தினாள், அப்படி நின்றால் கைக்குப் பிடிமானம் இல்லை. சரி, கிடந்து மிதி, உனக்கென்ன, தரைக்கென்ன. "டாக்டரம்மா, அடியில ரொம்ப உறுத்துது," என்றாள் ஜெபராணி துணிக்குள்ளிருந்து. வயிற்றுக்கு நேர் அடியில் கதிரைத் தடுக்கிற ஈய உடுப்பை விரித்து அதன்மேல்தான் அவளைப் படுக்க வைத்திருக்கிறார்கள், கதிர் கீழேயிருந்து வருவதால். எல்லோரும் மேலேதான் போர்த்துவார்கள், பார்க்கிறவர்களுக்கு அதுதான் பாதுகாப்பாகத் தெரியும். மேலேயும் ஒன்று சுற்றியிருக்கிறது, அது பாதி மருத்துவம், பாதி மனசமாதானம். "கொஞ்ச நேரம் பொறுத்துக்க தாயி, அது உறுத்துனாத்தான் நல்லது." வலது இடுப்புக்குக் கீழே தலையணை வைத்து இடது பக்கம் சாய்த்திருக்கிறார்கள், கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அமுக்கக் கூடாதே. எல்லாம் செய்தாகிவிட்டது. எல்லாம் செய்தாகிவிட்டது என்று தோன்றும்போதுதான் எதை விட்டோம் என்று மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறாள்.

வாக்குக் கொடுத்திருக்கக் கூடாது. முந்தின நாள் சாயங்காலம் வார்டில் அத்தனை பேர் சுற்றி நின்றார்கள். மாமியார் எஸ்தரம்மாள் கையில் பிளாஸ்க், புருஷன் தாவீது கையில் ஒன்றுமில்லை, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிலின் இரும்பைத் தடவிக்கொண்டிருந்தான். "பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?" என்று எஸ்தரம்மாள் கேட்டார். "பிள்ளைக்குக் கதிர் படாதுல்லா?" என்று தாவீது கேட்டான். "ரெண்டு கலைஞ்சு இது மூணாவது, டாக்டர், அதான்" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். கட்டிலில் இருந்தவளுக்கு என்ன ஆகும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, ஏன், கட்டிலில் இருந்தவளே கேட்கவில்லை. அவள் உலகம்மாளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விரல் சில்லென்று இருந்தது, துடிப்பு மந்தமாக இருக்கிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். "ஒரு தடவகூட அது வேண்டாம் டாக்டரம்மா. வாக்குக் குடுங்க." இத்தனை வருஷத் தொழிலில் உலகம்மாள் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. முயற்சி பண்ணுவோம், பார்ப்போம், பயப்படாதீங்க, இவ்வளவுதான் அவள் வாயிலிருந்து வரும். அன்றைக்கு, "சரிம்மா, போட மாட்டேன்" என்று வந்துவிட்டது. எங்கேயிருந்து வந்தது அது? வந்த சொல்லைப் பிடித்து இழுத்து உள்ளே போட முடியுமா. கதிரை நெஞ்சுக்கு நேராகச் சின்னச் சதுரமாகக் குறைத்து, கொஞ்ச நேரம் போட்டால் வயிற்றுக்குப் போவது ஒரு துளிகூட இருக்காது, புத்தகமும் சொல்கிறது, கணக்கும் சொல்கிறது, அதை அவளே மாணவர்களுக்கு நின்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அதைத்தான் ஜெபராணியிடமும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, ஏனென்றால் கணக்கு ஒரு பெண்ணை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பது அவளுக்குத் தெரியும்.

மகள் தாமிரா வயிற்றில் இருந்தபோது உலகம்மாள் இதே மாதிரி ஓர் அறையில் பயிற்சி டாக்டர். பெரிய டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார், "ரெண்டு உடுப்பா போட்டுக்கோ, ஒண்ணும் ஆகாது." இரண்டு ஈய உடுப்பையும் போட்டுக்கொண்டு நின்றாள், இடுப்பு கழன்றது. மேலே பட்ட கதிரை அளக்கச் சட்டையில் குத்தியிருந்த பட்டை மாசாமாசம் சோதனைக்குப் போய் வந்தது, எப்போதும் சரி என்றுதான் வந்தது. தாமிரா பிறந்தாள், எடை சரி, அழுகை சரி, விரல்களை எண்ணிப் பார்த்தாள், சரி. அதற்கப்புறம் மூன்றாம் வகுப்பில் கண்ணாடி போட்டாள், அதனாலா? ஒரு காய்ச்சலில் ஜன்னி கண்டது, அதனாலா? கணக்கில் மக்காக இருந்தாள், பெரியவளானதும் முடி கொட்டியது, போன வருஷம் தைராய்டு என்றார்கள், அதனாலா, அதனாலா? வீட்டுக்காரர் பரம்பரையில் எல்லோருக்கும் மூக்கில் கண்ணாடி, எல்லோருக்கும் மண்டை வழுக்கை, அது உலகம்மாளுக்குத் தெரியாதா, தெரியும். தெரிந்து என்ன. ராத்திரி புரண்டு படுக்கும்போது தெரிந்ததெல்லாம் எங்கேயோ போய்விடும், அந்த ஒரு கேள்வி மட்டும் பக்கத்தில் படுத்திருக்கும். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது தாய்க்குத்தான். பூனாவில் இருக்கிற தாமிராவுக்கு இந்த விஷயமே தெரியாது, சொன்னால் சிரிப்பாள், அப்புறம் கூகுளில் பார்ப்பாள், அப்புறம் சிரிக்க மாட்டாள். அதனால்தான் போட மாட்டேன் என்று வந்தது. ஜெபராணிக்குப் பக்கத்திலும் அந்தக் கேள்வி வந்து படுக்க வேண்டாம் என்றுதான்.

"மேடம், கம்பி தெரியுது," என்றாள் நூருன்னிசா. மேல் அறைக்குள் வெள்ளையாக ஒரு கீற்று, மின்னி மறைந்து மின்னியது. நல்லது. கழுத்துப் பக்கம் ஏறிவிடவில்லை, கீழே வயிற்றுப் பக்கமும் இறங்கிவிடவில்லை, வர வேண்டிய அறைக்கு வந்துவிட்டது. கம்பியைக் கொஞ்சம் வளைத்து, வால்வு திறக்கிற நேரம் பார்த்து, மெல்ல, மெல்ல. மானிட்டரில் குதிரை தாவுகிற மாதிரி ரெண்டு துடிப்பு அகலமாக வந்தது. நுழைந்துவிட்டது, கீழ் அறைக்குள் போனால்தான் அப்படித் தாவும். கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது அவளுக்கு, ஆனந்தமாகவும் இருந்தது, இதைச் சொல்லி எல்லோரிடமும் பீற்றிக்கொள்ளலாம் என்றுகூட அந்த நேரத்தில் ஒரு எண்ணம் ஓடியது, வெட்கம்கெட்ட எண்ணம். "நுனி எங்க இருக்கு நூரு?" "இதுதான்னு நினைக்கேன் மேடம்." நினைக்கிறாயா, தெரிகிறதா? கேட்கவில்லை. கர்ப்பத்தில் இதயம் மேலே ஏறிச் சாய்ந்து கிடக்கிறது, எக்கோவுக்குச் சந்து கிடைப்பதே பெரும்பாடு, அந்தப் பெண்ணை மிரட்டினால் கை நழுவிக் கிடைத்ததும் போய்விடும். வெளிக் கருவியில் கம்பியின் மறுமுனையை மாட்டி, மின்சாரத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்து, இதயம் அதற்குக் கட்டுப்படுகிறதா என்று பார்க்கச் சொன்னாள். கட்டுப்பட்டது. டிக் டிக்கென்று ஒழுங்காக. ஜெபராணியின் துடிப்பு பல மாசத்தில் முதல் தடவையாக ஒழுங்காக ஓடியது, சுடலை கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். திருகிவிட வேண்டியதுதான் பாக்கி.

"டாக்டரம்மா," என்றது துணிக்குள்ளிருந்து குரல், அதில் சந்தோஷம் இருந்தது, "பிள்ள உதைக்குது." "உதைக்கட்டும்மா, நல்லதுதான." "ஒரே சீரா உதைக்குது. மேல் வயித்துல. பொட்டு பொட்டுன்னு." உலகம்மாளின் விரல்கள் நின்றன. ஒரே சீராக உதைக்கிற பிள்ளை எந்த வயிற்றிலும் கிடையாது. பிள்ளைகள் இஷ்டத்துக்கு உதைக்கும். மானிட்டரைப் பார்த்தாள், டிக், ஜெபராணியின் விலாவுக்குக் கீழே துணி துள்ளியது, டிக், துள்ளியது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற தசையைக் கம்பி உள்ளேயிருந்து உசுப்புகிறது. அப்படியென்றால் நுனி நூருன்னிசா காட்டுகிற இடத்தில் இல்லை, அடி ஓரத்தில், சுவர் மெலிந்த இடத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒருவேளை பொத்துக்கொண்டேகூட. "மின்சாரத்தக் கொற. நூரு, பாரு, கீழ பாரு." "தெரியல மேடம். அந்தப் பக்கம் தெரியவே மாட்டேங்குது." பின்னால் இழுக்கலாம். பொத்துக்கொண்டிருந்தால் இழுத்த வழியாக ரத்தம் கசிந்து இதயத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும், கட்டிக்கொண்டால் நிமிஷத்தில் நெஞ்சைத் திறக்க வேண்டும், தாயும் இல்லை பிள்ளையும் இல்லை. இழுக்கலாமா கூடாதா என்பது நுனி எங்கே என்று தெரிந்தால்தான் தெரியும். ஒரு தடவை பார்த்தால் போதும். கால் தரையை அழுத்தியது. கால் அழுத்தி அழுத்தி விரல் வலித்தது, அங்கே ஒன்றும் இல்லை, சொல்ல வேண்டியது வாய். வாய் திறக்கவில்லை. சரிம்மா போட மாட்டேன் என்று சொன்ன அதே வாய்தானே, அது அடைத்துக்கொண்டு நின்றது. ரெண்டு கலைஞ்சு மூணாவது. அதனாலா, அதனாலா என்று ஜெபராணி இன்னும் எத்தனை வருஷம் புரண்டு படுப்பாள். படுப்பதற்கு அவள் இருக்க வேண்டும் அல்லவா, முதலில் அவள் இருக்க வேண்டும், இந்த அறையில் அதைக் கேட்க ஒரு நாதி இல்லையே. "மேடம்?" என்றான் சுடலை. "சதுரத்த உள்ளங்கை அளவுக்குக் கொற," என்றாள். தன் குரலா அது. "நெஞ்சுக்கு மட்டும். குறைச்சாச்சா? ஒரே மிதி, உடனே எடுத்துரணும்." அப்புறமும் ஒரு கணம் நின்றாள். "படம்."

வெளிச்சம் எதுவும் இல்லை, சத்தமும் பெரிதாக இல்லை, திரையில் ஒரு படம் வந்து உறைந்து நின்றது. அடி ஓரத்தில், இதயத்தின் நிழலுக்குள்ளேயே, விளிம்பில் நுனி முட்டிக்கொண்டிருந்தது. வெளியே போகவில்லை. ஒரு திருகு திருகியிருந்தால் போயிருக்கும். உலகம்மாள் கம்பியைப் பின்னுக்கு இழுத்தாள், நடுச்சுவரைப் பார்த்துத் திருப்பினாள், இந்தத் தடவை நூருன்னிசா, "இப்பத் தெரியுது மேடம், நல்லாத் தெரியுது, நுனியேதான்" என்றாள். திருகியாயிற்று. டிக் டிக். துணி துள்ளவில்லை. மின்சாரத்தைக் கூட்டினாலும் துள்ளவில்லை. இதயத்தைச் சுற்றி நீர் கட்டவில்லை. பிள்ளையின் துடிப்பைக் கருவி வைத்துக் கேட்டார்கள், அது தன் பாட்டுக்குத் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தோளுக்கு அடியில் பேஸ்மேக்கரை வைத்து மாட்டி, பையை மூடித் தைக்க ஆரம்பித்தபோதுதான் சட்டை முதுகோடு ஒட்டியிருப்பது தெரிந்தது.

சுடலை ஜெபராணியின் முகத்துக்கு மேலிருந்த துணியை விலக்கிவிட்டான். வியர்த்துப்போன சின்ன முகம், உதட்டில் நிறம் வந்திருந்தது. "முடிஞ்சிட்டா டாக்டரம்மா?" "முடிஞ்சிட்டு. தையல் போடுதேன்." "அது போடலல்லா?" இல்லம்மா என்றால் முடிந்தது. யார் சொல்லப்போகிறார்கள்? சுடலை வாயைத் திறக்க மாட்டான், நூருன்னிசா தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு சொல், அந்தச் சொல்லோடு இந்தப் பெண் நிம்மதியாகப் பெற்று, நிம்மதியாக வளர்த்துவிட்டுப் போவாள். ஒண்ணும் ஆகாது என்று பெரிய டாக்டர் சொன்னதும் இப்படி நல்லெண்ணத்தில்தானே? அவர் உட்கார்ந்து, இவ்வளவு பட்டது, இதனால் பட்டது, இதற்காகப் பட்டது என்று சொல்லியிருந்தால் அந்தக் கேள்வி இப்படிக் கொழுத்து வளர்ந்திருக்குமா? தெரியவில்லை. சொல்லியிருந்தாலும் வளர்ந்திருக்கலாம். ஊசியை நிறுத்தினாள். "ஒரு தடவ போட்டேன் ஜெபா." ஜெபராணியின் கண் அவள் முகத்தை விட்டுக் கூரைக்குப் போனது. "பிள்ள உதைக்குதுன்னு சொன்னேல்லா, அது பிள்ள இல்ல. கம்பி. ஓரத்துல போய் முட்டிக்கிட்டு நின்னுச்சு. தெரியாம திருகியிருந்தா ஓட்ட விழுந்திருக்கும். எங்க நிக்குன்னு பாக்கப் போட்டேன். கண்ண மூடித் தொறக்குற நேரம், நெஞ்சுக்கு மட்டும். வயித்துக்குப் போனது ரொம்ப ரொம்பக் கம்மி. இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன். வாக்குக் குடுத்துட்டுப் போட்டேன், அது என் தப்பு. போட்டது தப்பில்ல."

ஜெபராணி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போனது, துடைக்கக் கையை எடுக்க முடியவில்லை, நூருன்னிசா பஞ்சால் ஒற்றினாள். "அப்ப அது எனக்காகப் போட்டது," என்றாள் கடைசியில். "ஆமா. உனக்காகத்தான்." "நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு சளி பிடிச்சாக்கூட இது ஞாபகம் வரும்லா?" வராது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. "வரும்," என்றாள் உலகம்மாள். "நானும் வயித்துப் பிள்ளையோட இந்த மிஷினுக்குப் பக்கத்துல நின்னவதான். எனக்கு இன்னும் வருது." தலையைத் திருப்பக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், ஜெபராணி திருப்பிப் பார்த்தாள். "அந்தப் பிள்ள நல்லா இருக்கா?" "நல்லா இருக்கா. நான் கூப்புட்டா மட்டும் போன எடுக்க மாட்டா." ஜெபராணிக்குச் சிரிப்பு வந்தது, தையல் இழுத்ததும் முகத்தைச் சுளித்தாள். கொஞ்ச நேரம் ஊசி போய் வந்தது. "வெளிய எங்க அத்த கேப்பாவ," என்றாள் பிறகு. "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் டாக்டரம்மா." மறைக்கச் சொல்கிறாள், பாவம், அவள் அந்த வீட்டில் போய்த்தானே இருக்க வேண்டும் என்று உலகம்மாள் நினைத்தாள். "சரி, நான் சொல்லல." "இல்ல டாக்டரம்மா, நானே சொல்லிக்கிடுதேன். எனக்காக ஒரு தடவ போட்டாவன்னு நானே சொல்லணும்."